கெங்கேஷ் உட்கார ஒரு குதிரை

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். ஓமுர்கான் எதைப் பிடித்தாலும் குதிரையாய் முடியும். ஆப்பிள் வரைந்தால் அதற்குப் பிடரி முளைக்கும். டிராக்டர் வரைந்தால் அது இதோ கனைக்கப் போகிறது என்று தோன்றும். மனித முகத்தைத் தொட்டால் கேட்கவே வேண்டாம். நெற்றியை முடித்துக் கையெடுப்பதற்குள் மூக்கு கீழ்நோக்கி ஓட ஆரம்பித்துவிடும், அதை நிறுத்த அவரால் ஆகாது. ஊரின் பெயரே அத்பாஷி, அதாவது குதிரைத்தலை. பிறந்த மண்ணின் கோளாறு, நான் என்ன செய்ய என்று அவர் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

கெங்கேஷ் இதற்கு நேர் எதிர். மனிதர்களை வரைந்தால் கடன்காரர்கூட அடையாளம் கண்டு கூப்பிடுவார், அப்படியொரு கை. குதிரை வரைந்தால் மட்டும் ஆடாகிவிடும், அதுவும் நோஞ்சான் ஆடு. ஆகவே இருவரும் இளவயதிலேயே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். முதலில் ஓமுர்கான் குதிரையை வரைவார். அது காய்ந்ததும் கெங்கேஷ் அதன்மேல் ஆளை ஏற்றுவார். கூட்டுப்பண்ணைக் காலத்தில் மன்றச் சுவர்கள், பிறகு கல்யாண மண்டபங்கள், உணவு விடுதிகள், பெட்ரோல் பங்குகள் என்று நாரின் ஆற்றங்கரை முழுக்க அவர்களுடைய வீரர்கள் சுவர்களில் பாய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஓவியர் தேறுவார் என்று ஊர் சொல்லும். அவர்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

இருவரும் ஒரே வயது. ஒரே வயதுக்காரர்களுக்கு அங்கே குர்தாஷ் என்று பெயர், அது வெறும் பெயரல்ல, உரிமை. குர்தாஷ் ஒருவன் இன்னொருவனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், எந்த இடத்திலும் திட்டலாம், சாவு வீட்டில்கூடத் திட்டலாம். திட்டு வாங்கியவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதிலுக்குத் திட்ட வேண்டும், திட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. ஓமுர்கான் ஒரு குதிரையை முடித்துத் தள்ளி நின்றால் கெங்கேஷ் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

"ஏண்டா, இந்தக் குதிரைக்கு மூலமா? இப்படி முக்கிக்கிட்டு நிக்குது?"

"உன்னை மாதிரி ஆளை ஏத்தப் போறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. போன குளிர்காலத்தில் ஒரு பெட்ரோல் பங்கின் சுவரில் வேலை நடந்தது. கெங்கேஷ் வீரனை இடுப்பு வரைக்கும் முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார், தேநீர் வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார், கன்னத்தில் சர்க்கரைக்கட்டியை ஒதுக்கிக்கொண்டு குதிரையைப் பார்த்தார். நேரமாகியும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வசவாக யோசிக்கிறான் என்று நினைத்து ஓமுர்கான் பொறுமையாகக் காத்திருந்தார், பதிலும் தயார் செய்தார். கெங்கேஷ் அவ்வளவு நேரம் யோசிக்கிற ஆள் இல்லை என்பது உறைத்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது.

கெங்கேஷைப் புதைத்த பிறகு ஓமுர்கானை யாரும் திட்டவில்லை. இதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. எங்கே போனாலும் ஐயா என்றார்கள், எழுந்து இடம் கொடுத்தார்கள், அவர் வரைந்த குதிரையைப் பார்த்து அற்புதம் என்றார்கள். அற்புதம் என்று சொன்ன குதிரையை அதற்குமேல் என்ன செய்வது? அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிடுவார். ஊரில் மிச்சமிருந்த குர்தாஷ் இன்னும் ஒருவர்தான், அவருக்குக் காது கேட்காது. ஒரு தடவை ஓமுர்கான் அவரை வலியப் போய் நன்றாகத் திட்டிப் பார்த்தார். அவர் நெஞ்சில் கைவைத்து, உனக்கும் அப்படியே ஆகட்டும், நல்லாயிரு என்றார்.

வருஷம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆண்டு நினைவு விருந்தை இலையுதிர் காலத்திலேயே வைத்துவிடுவது என்று கெங்கேஷ் வீட்டில் முடிவானது. அங்கே அதை ஆஷ் என்பார்கள். குதிரை அடித்து ஊருக்கே சோறு போட்டு, பந்தயம் விட்டு, விதவை தன் கறுப்புத் துணியைக் களைந்தால் துக்கம் முடிந்தது என்று பொருள். கெங்கேஷின் மகன் மேதெர் பொறுப்பான பையன், நகரத்துக்குப் போய் ஒரு பெரிய பேனர் அடித்துக்கொண்டு வந்து, ஓமுர்கானை வீட்டுக்கு அழைத்து விரித்துக் காட்டினான். பாஸ்போர்ட் புகைப்படத்தில் திருடனைப் போல் விழித்த கெங்கேஷின் தலையைக் கோட்டும் டையும் போட்ட யாரோ ஒருவரின் கழுத்தில் ஒட்டி, அந்த மொத்தத்தையும் ஒரு அரபுக் குதிரையின் மேல் வைத்திருந்தார்கள். பின்னால் பனைமரம் தெரிந்தது.

கெங்கேஷின் மனைவி உல்கான் பேனரை ஒரு முறை பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். இறப்புக்குப் பிறகு அவள் ஒப்பாரி தவிர வேறெதற்கும் அதிகம் வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் கணவனும் நண்பனும் திட்டிக்கொள்ளும்போது நடுவில் புகுந்து இருவரையும் சேர்த்துக் கிழிப்பவள் அவள். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு, அவரை நீங்க வரைஞ்சு குடுங்க என்று மட்டும் சொன்னாள். யோசிக்காமல் சரி என்றுவிட்டார். வீடு வந்து சேரும் வழியில்தான் தன்னால் மனிதனை வரைய முடியாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தான் வரையாவிட்டால் கெங்கேஷ் ஊரார் முன்னால் டை கட்டிக்கொண்டு பனைமரத்தடியில் அந்நியன் குதிரைமேல் நிற்பான். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வரைந்து பார்த்தார். முதல் கெங்கேஷ் குதிரையாகப் போனான். இரண்டாவது கெங்கேஷ் கோவேறு கழுதையாக வந்து நின்றான், அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தபால்காரரை உட்காரவைத்துப் பழகிப் பார்த்தார். படத்தைப் பார்த்த தபால்காரர் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே போனார், ஒரு வாரம் தபாலை வேலிக்கு மேலாகவே வீசினார். ஓமுர்கானின் மனைவி ரொட்டி சுட்ட கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் புல்லு வைக்கணுமா, கொள்ளு வைக்கணுமா?"

அவள் திட்டுவது வேறு கணக்கு. அது குடும்பம் நடத்துவதற்கான திட்டு, வரைவதற்கு உதவாது.

கண்ணை மூடிக் கெங்கேஷின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. அதிர்ந்துபோனார். ஆயுள் முழுக்கப் பக்கத்தில் இருந்தவனின் முகம் தெரியாதா? தெரியாதுதான். இருவரும் எப்போதும் சுவரைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருந்தார்கள்! முகத்துக்கு முகம் பார்க்க அவர்களுக்கு என்ன வேலை? அவருக்குத் தெரிந்தது கெங்கேஷின் இடது காது. காதோரத்து மரு, தொப்பிக்குக் கீழே பிடரி மடிப்பு, எப்போதும் கொஞ்சம் உயர்ந்திருக்கும் இடது தோள், வசவு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே புடைக்கும் கன்னம். அவ்வளவுதான் அவருடைய நண்பன். மிச்சமெல்லாம் ஊராரிடமும் உல்கானிடமும் இருந்தது.

தன் முக்காலிக்கு வலது பக்கம் கெங்கேஷின் முக்காலியைப் போட்டார். அதன்மேல் அவனுடைய வெள்ளைக் கம்பளித் தொப்பியை வைத்தார். பெரிய பலகையை எதிரே சாய்த்துவைத்துக் காதிலிருந்து தொடங்கினார். காது குதிரைக்காதாகவில்லை. மருவை வைத்தார். மரு நின்றது. அழுகையும் வந்தது, அழுதுகொண்டே பிடரியை முடித்தார். பிறகு நாள் போனதே தெரியவில்லை. தோள் வந்தது, சாய்ந்த முதுகு வந்தது, மடக்கி ஒரு கால், நீட்டி ஒரு கால், புடைத்த கன்னம். கெங்கேஷ் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, இதோ சொல்லப் போகிறேன் என்று இருந்தான். ஓமுர்கான் பலகையைத் துணியால் மூடி, விருந்துநாள் காலையில் லாரியில் ஏற்றினார். சந்தோஷத்தில் அவருக்கு ஒன்று நினைவுக்கு வரவேயில்லை.

மலையடிவாரத்தில் கூடாரங்கள் போட்டு நாலைந்து கிராமத்து ஜனம் கூடியிருந்தது. மேதெர் துணியை இழுத்தான். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எலும்பை வாயிலிருந்து எடுத்தார்கள். ஆளைப் பார்த்ததும் சிலருக்குக் கண் கலங்கியது, ஏனென்றால் அது கெங்கேஷ்தான், சந்தேகமில்லை. ஆனால் கெங்கேஷின் அடியில் ஒன்றுமில்லை. வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தான். கூட்டுப்பண்ணையில் மாட்டு வைத்தியராக இருந்த ஷெரிப்பாய், ஊரிலேயே மூத்தவர், கைத்தடியை ஊன்றிக் கிட்டே வந்து பலகையை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"குதிரை எங்கடா?"

ஓமுர்கான் பலகையைப் பார்த்தார். குதிரை எங்கே? குதிரையைத் தவிர வேறெதுவும் வராத கை ஒரு மாதமாகக் குதிரையை நினைக்கவேயில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ஆண்டு விருந்தில் ஒரு மனிதனைக் காலால் நடக்கவிட்டு அனுப்புவதா? அவர் வம்சத்தில் யாராவது நடந்திருக்கிறார்களா? நடந்தாலாவது பரவாயில்லை, இவர் அந்தரத்தில் தொங்குகிறாரே என்று மாமன்வழிக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். மேதெர், ஓமுர்கான் சித்தப்பாவுக்கு வலிக்காதபடி மெதுவாக, பேனர் வண்டியிலேயே இருக்கு, கட்டிடலாமா என்று கேட்டான்.

ஓமுர்கான் லாரியிலிருந்து வண்ணப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். இதென்ன பெரிய வேலை, குதிரைதானே என்று எண்ணிக்கொண்டு தூரிகையை எடுத்தார். வழக்கமான குதிரையை நினைத்துக்கொண்டு முதுகுக்கோட்டை வைக்கப் போனார், வைக்க முடியவில்லை. கெங்கேஷ் முக்காலியில் உட்கார்ந்த மாதிரியல்லவா உட்கார்ந்திருக்கிறான்! ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறான், ஒரு கால் மடங்கியிருக்கிறது, கீழே இடமும் போதாது. ஓமுர்கானின் கம்பீரமான குதிரைகளில் ஒன்றுகூட அந்த ஆளுக்கு அடியில் நுழையாது. அவர் நிமிர்ந்து நின்றார். அத்தனை வருஷமும் குதிரையை முதலில் வரைந்தது தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. தன் குதிரை எப்படி நின்றதோ அதற்கேற்ப ஆளை ஒடித்து, நீட்டி, குறுக்கி ஏற்றியிருக்கிறான் அந்தப் பாவி. குதிரையை ஆயிரம் திட்டியிருக்கிறான், மாற்றச் சொல்லி ஒரு தடவை கேட்டதில்லை.

ஊரே வேடிக்கை பார்க்க, ஓமுர்கான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குதிரையை ஆளுக்காக வளைத்தார். சாய்வுக்கு இடம் கொடுக்க முதுகைக் குழித்தார். மடங்கிய காலுக்காக வயிற்றை ஒரு பக்கம் தள்ளினார். இடம் போதாததால் முன்னங்கால் ஒன்று குட்டையாயிற்று. கழுத்தை வைக்க வழியில்லாமல் பின்னால் திருப்பிவிட, குதிரை தன்மேல் இருப்பவனை யாரடா நீ என்று கேட்பதுபோல் பார்த்தது. எதிரே நின்றவர்கள் பிறக்கும்போதே சேணத்தில் விழுந்தவர்கள், சும்மா இருப்பார்களா? நொண்டி என்றார் ஒருவர். சினைபிடித்த ஆண்குதிரையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் இன்னொருவர். இது ஆற்றைத் தாண்டாது, ஆறு வேண்டுமானால் இதைத் தாண்டும் என்று ஷெரிப்பாய் தீர்ப்புச் சொன்னார். ஓமுர்கான் காதில் எல்லாம் விழுந்தது, ஆனால் அவர் தூரிகையை வைக்கவில்லை.

கடைசிக் குளம்பு முடிந்தபோது பெண்கள் கூடாரத்திலிருந்து உல்கான் வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். மேதெர் வண்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான், பேனரைக் கட்டுவதா வேண்டாமா என்பது அவள் வாயில் இருந்தது.

"ராத்திரியானா இடுப்பு வலின்னு முனகுவார். அவன் குதிரையெல்லாம் நிமிந்துக்கிட்டே நிக்குதுடி, ஆளை ஏத்தறதுக்குள்ள உயிர் போகுதுன்னு சொல்லுவார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான் மனுஷன் வசதியா உக்காந்திருக்கார்."

அவள் தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தாள்.

"ஆனாலும் இவ்வளவு கேவலமான குதிரையை எங்க தேடிப் பிடிச்சீங்க? கசாப்புக்காரன்கூட வேண்டாம்னு சொல்லிருவானே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கறுப்புத் துணி தோளில் சரிய, அழுதுகொண்டே சிரித்தாள். கூட்டம் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்து, பிறகு தாங்க முடியாமல் சிரித்தது. ஓமுர்கான் தூரிகையைக் கீழே வைத்தார். புல்லில் உட்கார்ந்தார். வசவு வந்துவிட்டது, இனி பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை. ஆனால் அவர் உல்கானைப் பார்க்கவில்லை. பலகையில் கன்னம் புடைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, விருந்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"குதிரையைக் குத்தம் சொல்லாதடா நாயே. நீ உக்காந்திருக்கிற லட்சணத்துக்கு வேற எது வரும்?"