தொங்கிய சுண்டெலி

பதினேழு வயதில் முதியோர் இல்லத்தில் பயிற்சி வேலைக்குச் சேர்ந்தவளை வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் நாலு நாள் வேலை, ஒரு நாள் வகுப்பு.

“உன் ரூமையே பெருக்க மாட்ட. நீ போய் நாலு பேரப் பாத்துக்கப் போறியா?” என்று அம்மா கேட்டாள்.

“அது என் ரூம். இது வேலை” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முதல் வாரம் அன்பைக் கொட்டினாள். கொஞ்சம் தாராளமாகவே. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டிய டிரைவர் தாத்தாவிடம், “செல்லம்ல, ஆ காட்டுங்க, ஒரே ஒரு வாய்” என்பாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா தட்டைக் காலி செய்தால் கை தட்டுவாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை, நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலிக்கு மாற்றும் மெஷினை சூப்பர்வைசர் அக்கா கூடத்துக்குத் தள்ளி வந்தார்.

“அடுத்தவங்கள தூக்குறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ தொங்கிப் பாக்கணும். அதான் ரூல்.”

துணித் தொட்டிலில் அவளை உட்கார வைத்து, கொக்கிகளை மாட்டி, பட்டனை அழுத்தினார். மெஷின் உர்ரென்று அவளை உயர்த்தியது. அப்படியே நின்றுவிட்டது. பேட்டரி காலி. அவசரத்துக்கு இறக்கும் சிவப்புப் பிடியை அக்கா இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

“ஆடாம இரு, வேற பேட்டரி எடுத்துட்டு வரேன்!” என்று ஓடினார்.

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு டிரைவர் தாத்தா வந்தார். “என்னம்மா, வண்டி பிரேக்டவுனா?”

பின்னாலேயே டீச்சரம்மா. அது பதினோரு மணி டீ நேரம். டிரைவர் பிஸ்கட்டை டீயில் நனைத்து நீட்டினார்.

“செல்லம்ல, ஆ காட்டு.”

“தாத்தா, எனக்குப் பசிக்கல!”

“அதெல்லாம் இங்க யாரு கேக்குறாங்க? ஆ!”

கை இரண்டும் தொட்டிலுக்குள் மாட்டியிருந்தன. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். டீச்சரம்மா கை தட்டினார். “சமத்து! முழுசா முழுங்கிட்டா பாருங்க!”

சுண்டெலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொட்டில் ஆட, பிஸ்கட் தூள் மூக்கில் ஏறி, தும்மல் வேறு.

“நான் இப்படியா பேசுறேன்?”

“இல்லம்மா,” என்றார் டீச்சரம்மா, அவள் மோவாயைத் துடைத்தபடி. “நீ இன்னும் சத்தமா பேசுவ. எங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

அக்கா வந்து பேட்டரியை மாற்றி இறக்கினார். “படி பாத்து இறங்கு” என்றார் டிரைவர்.

மறுநாள் காலை, பிடி சரிசெய்த மெஷினோடு டிரைவர் தாத்தாவின் கட்டிலருகே போய் நின்றாள். “தாத்தா, தூக்கலாமா?”

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். “விளையாட்டுப் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கே.”

“படிச்சு முடிங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சினிமாப் பக்கத்தை உருவி அவளிடம் நீட்டினார்.