எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

அருணாதேவியும் எழிலும் சேர்ந்து கம்பெனி தொடங்கியபோது அவர்களுக்குள் வந்த ஒரே வாக்குவாதம், எந்தப் பிளான் வாங்குவது என்பதில்தான்.

தோழிகள் இருவரும் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தவர்கள். எழிலின் அம்மாவும் அப்பாவும் தாயில்பட்டியில் பட்டாசுத் தொழிலாளர்கள். அருணாதேவியின் வீட்டாருக்குச் சாத்தூர்ப் பக்கம் நிலபுலன் இருந்தது. 2006 வாக்கில் பட்டாசு ஏஜென்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வெப்சைட் கேட்க ஆரம்பித்தார்கள். இருவரும் அச்சக வேலையை விட்டுவிட்டு ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்தார்கள். சைட்டைச் செய்து கொடுப்பதோடு நிற்காமல், அது இணையத்தில் இருப்பதற்கான இடத்தையும் மெயிலையும் தாங்களே கொடுத்து வருடாவருடம் கட்டணம் வாங்கலாம் என்பது யோசனை.

அந்த இடத்தை ஒரு வெளிநாட்டு ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து வாங்க வேண்டும். அதில் இரண்டு வழி இருந்தது. ஷேர்டு பிளான் என்றால் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. அதற்குள்ளேயே வாடிக்கையாளர்களின் சைட்டுகளை எல்லாம் அடுக்கிக்கொள்ளலாம். ரீசெல்லர் பிளான் என்றால் மொத்தமாக இடம் வாங்கி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்காகப் பிரித்துக் கொடுக்கலாம். விலைதான் பல மடங்கு.

"ரீசெல்லரே வாங்கிருவோம் எழிலு. ஆளுக்கொரு கணக்குன்னா வம்பில்லாம இருக்கும்" என்றாள் அருணாதேவி.

"ஆள் வரட்டும், அப்பப் பாப்போம். நீ கேட்டா வீட்டுல குடுப்பாக. நான் யார்ட்டப் போயிக் கேக்க?"

ஷேர்டு பிளானே வாங்கினார்கள்.

அடுத்த வருடம் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெயபாண்டி, அருணாதேவியின் தாய்மாமா. சாத்தூரில் பட்டாசு ஏஜென்சி வைத்திருந்தார். இன்னொருவர் பாலகுரு. எழிலின் அப்பாவோடு ஒரே ஆலையில் பட்டாசுக் குழாய்களில் மருந்து செலுத்தியவர், பிறகு எம். புதுப்பட்டியில் சொந்தமாகப் பட்டாசுக் கிஃப்ட் பாக்ஸ் வியாபாரம் ஆரம்பித்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தாயில்பட்டிப் பிள்ளை செய்கிறாள் என்றுதான் வந்தார்.

ஆடி மாதம் சீசன் சூடு பிடித்தது. அருணாதேவி அம்மன் கோயில் கொடைக்காகத் தூத்துக்குடி போயிருந்தாள். ஜெயபாண்டி எழிலுக்குப் போன் மேல் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்த சேல்ஸ்மேன்களுக்கு மெயில் முகவரி உடனே வேண்டும் என்றார்.

"சாயங்காலம் போட்டுத் தாரேன் அண்ணாச்சி."

"சாயங்காலம் வரைக்கும் ஆர்டர் நிக்குமா? பாஸ்வேர்டைச் சொல்லும்மா, நானே போட்டுக்கிறேன்."

எழில் வேறொருவருடைய விலைப்பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாள். வேலை முடிந்ததும் மாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அடுத்தடுத்து வந்த வேலையில் அது மறந்தே போயிற்று.

அருணாதேவி ஊர் திரும்பிய மறுநாள் ஜெயபாண்டி மாடியேறி வந்தார். முகம் சரியில்லை.

"அருணா, அந்தக் கதவைச் சாத்து" என்றார். உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெயில் முகவரி போட உள்ள போயி எம் பேரைத் தேடுனேன். வரிசையா எல்லார் பேரும் இருந்துச்சு. பாலகுரு பேரை அமுக்குனேன். அவருக்கு வந்த மெயில், போன மெயில் எல்லாம் தெறந்துக்கிருச்சு."

தான் சொன்ன பாஸ்வேர்டை மாற்றவே இல்லை என்பது எழிலுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"வாசிச்சீகளா மாமா?" என்று கேட்டாள் அருணாதேவி.

"ஒண்ணு வாசிச்சேன். கோயம்புத்தூர்க் கடைக்காரனுக்கு அவர் அனுப்புன ரேட்டு. அதே ஆளு எங்கிட்டயும் கேட்டிருக்கான். நாளைக்கு நான் அனுப்பணும். இப்ப என்னத்த அனுப்ப?" நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான் அவரோடதப் பாத்தேன்னா, நாளைக்கு எவனோ என்னோடதப் பாப்பான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

எழில் உடனே பாஸ்வேர்டை மாற்றினாள். அன்று மாலையே ரீசெல்லர் பிளான் வாங்கினார்கள். இந்தமுறை விலையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சைட்டாக, ஒவ்வொரு மெயிலாகப் புதுக் கணக்குகளுக்கு மாற்றினார்கள்.

மாற்றி முடித்தபின் அருணாதேவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "பாலகுரு அண்ணன்ட்ட இதச் சொல்லணுமா? இனிமேத்தான் யாரும் பாக்க முடியாதே."

"நான் சொல்லாட்டி அவரு மூஞ்சில எப்படி முழிக்க?" என்றாள் எழில்.

எம். புதுப்பட்டிக்கு மூன்று பேருமாகப் போனார்கள். ஜெயபாண்டியை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்து தன் காரில் இருவரையும் கூட்டிப் போனார். பாலகுருவின் கடையில் கூரை வரைக்கும் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். எழில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்வேர்டைக் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள்.

பாலகுரு ஜெயபாண்டியைப் பார்க்கவே இல்லை. எழிலைத்தான் பார்த்தார்.

"அவுக வியாபாரி, பாக்கத்தான் செய்வாக. நீ எங்க புள்ளயில்லையா தாயி? ஒன்ன நம்பித்தான வந்தேன்?"

அருணாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எழில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஜெயபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் கோயம்புத்தூர்க் கடைக்கு இந்த வருசம் நான் ரேட்டு அனுப்பல. ஒங்க சரக்கே போகட்டும்."

"எனக்கு விட்டுத்தர வேண்டாம்" என்றார் பாலகுரு வெடுக்கென்று. "பாக்காம இருந்தா என்ன போட்டிருப்பீகளோ, அதப் போடுங்க."

"அதத்தான் யோசிச்சுப் பாக்கேன், பாலகுரு. தெரியமாட்டேங்குது. பாத்தாச்சே!"

அவர் அதைச் சொன்ன விதத்தில் பாலகுருவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். ஆனால் பேச்சு கொஞ்சம் இளகியது. கலர் வந்தது. எல்லாரும் குடித்தார்கள்.

தன் கம்ப்யூட்டரில் புதுக் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னார் பாலகுரு. இதில் வேறு யார் பெயரும் வராதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். எழில் திறந்து காட்டினாள். அவர் பெயர் மட்டும் இருந்தது.

"பாஸ்வேர்டை நானே போட்டுக்கிறேன். மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பிக்கொண்டார்கள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அவர் அடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தீபாவளி முடியட்டும். ஒங்ககிட்ட இருக்கதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

கோயம்புத்தூர் ஆர்டர் பாலகுருவுக்கே போயிற்று. மற்ற வாடிக்கையாளர்களிடமும் எழிலும் அருணாதேவியும் நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் சண்டை போட்டுவிட்டுத் தங்கினார். தீபாவளி முடிந்து கார்த்திகையும் வந்தது. பாலகுருவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்க எழிலுக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவரே மாடியேறி வந்தார். கூடவே எம். புதுப்பட்டியில் அவருடைய பக்கத்துக் கடைக்காரர் சங்கிலிமுத்துவும் வந்திருந்தார்.

"இவருக்கும் ஒரு சைட்டு வேணுமாம்" என்றார் பாலகுரு, அறையைச் சுற்றிப் பார்த்தபடி. "நடந்தது எல்லாத்தையும் சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன்."

அருணாதேவி நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். எழில் சங்கிலிமுத்துவின் கடைப் பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.