மூக்கடைத்த கிளாரிக்கு விழுந்த ஓட்டுகள்

போர்ட் ஹெஸ்லப்பில் மெர்வ் டோலண்டுக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று ஒன்று கிடையாது. கோதுமை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம் லாரியில் தனியாக உட்கார்ந்து முன் கண்ணாடியிடம் பேசிப் பேசிச் சேர்த்துவைத்ததை எல்லாம், பதினோரு வருஷமாக எங்கள் ஊர் ரேடியோவில் இறக்கிக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நெட்பால் மைதானத்துக்குப் பின்னால், முன்பு டிக்கெட் கொடுத்த அறை. தகரக் கூரை. மழை பிடித்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டுவிடுவோம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு 'ஊர் வாய்'. மெர்வும் கிளெனிஸ் டீச்சரும் நடத்துவார்கள். டீச்சருக்கு எழுபத்திரண்டு வயது. ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மெர்வும் அதில் ஒருவன். அவனை ஒரு தடவை ஃபெயிலும் ஆக்கியிருக்கிறார். நான் கோரல். வாரம் பூராவும் முடி வெட்டுகிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போன் எடுப்பேன்.

அந்த வருஷம் ஊரை இரண்டாக்கியது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பறவை. கறுப்புத் தலை உப்புக்கொத்தி. ஊர் உலகத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி வெறும் மணலில், நாம் நடந்துபோகிற வழியிலேயே முட்டையிடும். அதனால் வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை கடற்கரைக்கு நாயே கொண்டுவரக் கூடாது என்று கவுன்சிலில் ஒரு தீர்மானம் வந்து, முடிவாகாமல் நின்றது. எங்கள் ஊரில் ஆளைவிட நாய் அதிகம். பேக்கரியில் நாய்க்காரர்கள் பறவைக்காரர்களுக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். என் கடையில் இரண்டே நாற்காலி. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் சண்டை வராது என்று பார்த்துத்தான் நேரம் கொடுத்தேன்.

"என் பிஸ்கட்டுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டறேன்!" என்று மெர்வ் மைக்கில் கத்தினான். பிஸ்கட் அவன் நாய். "அந்தக் குருவி என்ன கட்டுது?"

"குருவி இல்ல மெர்வ், உப்புக்கொத்தி."

"எங்க வேணா கொத்தட்டும் டீச்சர். என் நாய் ஓடுற இடத்துல எதுக்குக் கொத்தணும்? இந்தக் கவுன்சில்ல இருக்கிற ஒருத்தருக்காவது முதுகெலும்பு இருக்கா?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

"கவுன்சில்ல ஒரு இடம் காலியா இருக்கு. பதினோரு வருஷமா திட்டுற. நீயே நின்னு பாரேன்."

"நிக்கிறேன்!"

"நிஜமாவா?"

"ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு. நான் நிக்கிறேன்!"

நான் பாட்டைப் போட்டேன். பாட்டு ஓடும்போது டீச்சர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். எங்கள் ஸ்டேஷன் கமிட்டியின் விதி. தேர்தலில் நிற்பவர் ஓட்டு எண்ணி முடியும்வரை ஒலிபரப்பில் பேசக் கூடாது. எட்டு வாரம்.

"எந்த மடையன் இப்படி எழுதினான்?" என்றான் மெர்வ்.

"கீழ கையெழுத்தைப் பாரு."

அவனுடைய கையெழுத்துதான். ஆறு வருஷம் முன்னால் பழைய பாட்டு நிகழ்ச்சி நடத்திய ஒருவர் தேர்தலில் நின்றபோது, அவரை வெளியேற்ற அவனே எழுதிக்கொடுத்தது. அவன் அதைப் படித்துவிட்டு, திரும்பவும் ஒரு தடவை படித்துவிட்டு, தன் தெர்மாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எட்டு வாரம் சோறு இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்க மாட்டான்.

எதிரில் நின்றது கரின் நோஸ்கே ஒருத்திதான். படகுத்துறை அருகே தூண்டில் இரை விற்கிற கடை அவளுடையது. அதிகம் பேச மாட்டாள். 'நாய்க்கு விடுதலை! மெர்வுக்கு ஓட்டு!' என்று மெர்வ் ஊர் முழுக்கத் தட்டி கட்டினான். அவள் தன் கடை வாசலில் ஒரே ஒரு தட்டி வைத்தாள். அதில் பெயர் மட்டும் இருந்தது.

முதல் சனிக்கிழமை மெர்வ் ஸ்டேஷனுக்கு வெளியே காரில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டான். ஹாரன் அடித்து அடித்து மறுப்புத் தெரிவித்தான். நான் போய்த் துரத்திவிட்டு வந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை போன் அடித்தது. எங்கள் போனில் நம்பர் தெரியும். மெர்வ் வீட்டு நம்பர்.

"வணக்கம்மா," என்றது ஒரு குரல். மூக்கைத் துணிக் கிளிப்பால் கவ்விக்கொண்டு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. உண்மையிலேயே கிளிப்தான் என்று அவன் மனைவி நோலா பிறகு சொன்னாள். "என் பேரு... கிளாரி. மணல்மேட்டு ரோட்டுலேருந்து பேசறேன்."

மணல்மேட்டு ரோட்டில் மொத்தம் நாலு வீடு. நாலு வீட்டுக்கும் நான்தான் முடி வெட்டுகிறேன். கண்ணாடி வழியாக டீச்சரைப் பார்த்து, போனில் தெரிந்த நம்பரை விரலால் காற்றில் எழுதிக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். விதி விதிதான். ஆனாலும் அவர் உதட்டோரம் அசைந்தது. தலையை ஆட்டினார். இணைப்பைக் கொடுத்தேன். கமிட்டிக்கு இதை இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"சொல்லுங்க கிளாரி. சளி பிடிச்சிருக்கா?"

"ஆமா டீச்... ஆமாம்மா. கடுமையான சளி. நான் என்ன சொல்றேன்னா, இந்த மெர்வ் டோலண்ட் இருக்காரே, தங்கமான மனுஷன்—"

"நீங்க அவரோட ஆளா? வேட்பாளருக்கு ஆள் வச்சுப் பேசறது எங்க விதிக்கு ஒத்து வராது. கோரல், லைனைக் கட் பண்ணு."

"ஐயோ, இல்ல இல்ல!" குரல் பதறியது. "நான் அவர் ஆளே இல்ல. எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது!"

"அப்படியா? என்ன பிடிக்காது?"



"அது வந்து... ரொம்பப் பேசறார்."

"சரி."

"அடுத்தவனைப் பேச விட மாட்டார். அவர் பொண்டாட்டிகூட ஒரு விஷயம் சொல்லணும்னா அவர் தூங்கற வரைக்கும் காத்திருக்கணும்னு கேள்வி."

"ம். அப்புறம்?"

"அப்புறம்..." கிளாரிக்குச் சூடு பிடித்துவிட்டது. மெர்வுக்கு மைக் கிடைத்தால் போதும், திட்டு வாங்குவது யார் என்பது இரண்டாம் பட்சம். பத்து நிமிஷம் மெர்வ் டோலண்டை உரித்துத் தொங்கவிட்டான். அவ்வளவு சரியாக அவனை யாருமே திட்டியதில்லை. முடிக்கும்போது டீச்சர் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் கிளாரி. அந்தப் பறவையோட கூட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"...இல்ல."

"பார்த்துட்டுப் பேசுங்க. அடுத்த வாரம் கூப்பிடுங்க."

அடுத்த ஏழு நாளும் ஊரில் கிளாரி பேச்சுதான். என் கடைக்கு வந்த பெண்கள் சொன்னார்கள்: "யார்டி அது? நல்லாப் பேசறான்." சிலர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் வைத்தார்கள், சளிக்கு. ஒருத்தி வீட்டில் எடுத்த தேன் ஒரு பாட்டில் வைத்தாள். யூகலிப்டஸ் தைலம் மூன்று புட்டி சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மெர்வ் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"கிளாரியைப் பார்த்தா கொடுத்துடு," என்றேன்.

"எனக்கு அந்த ஆளைத் தெரியாதே," என்றான் மெர்வ். மூக்கில் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. தேனை மட்டும் சட்டென்று வாங்கிக்கொண்டான்.

அவன் கடற்கரைக்குப் போனதை நோலாதான் எனக்குச் சொன்னாள். கயிற்றில் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான், கூடாவது குருவியாவது என்று முணுமுணுத்தபடி. தூரத்தில் ஒரு பறவை சிறகு ஒடிந்த மாதிரி நொண்டி நொண்டி அவனை வேறு பக்கம் இழுக்கப் பார்த்திருக்கிறது. இவனுக்கு அது புரியவில்லை. அடுத்த அடி வைக்கும்போதுதான் குனிந்து பார்த்தான். பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி மூன்று முட்டை, மணல் நிறத்திலேயே. காலைத் தூக்கியபடியே நின்றானாம். பிறகு வந்த வழியிலேயே தன் காலடித் தடத்தின் மேலேயே பின்பக்கமாக நடந்து வந்தானாம். வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நோலா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

மூன்றாவது சனிக்கிழமை கிளாரி வேறு மாதிரி பேசினான். மெதுவாக.

"நான் போய்க் கடற்கரை பூரா பார்த்தேன். மொத்தக் கடற்கரைக்கும் மூணே மூணு கூடு. அந்த மூணைச் சுத்தியும் கம்பு நட்டுக் கயிறு கட்டலாம். அந்தப் பக்கம் போறப்போ நாயைக் கையில பிடிச்சுக்கலாம். குஞ்சு பறக்கற வரைக்கும் அவ்வளவுதான். மீதிக் கடற்கரை நாயோடது. இதுக்கு எதுக்கு ஊரே அடிச்சுக்கணும்?"

ஸ்டேஷனில் மூன்று லைனும் ஒரே நேரத்தில் எரிந்தன. நாய்க்காரர்களும் பறவைக்காரர்களும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: இந்த ஆள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மெர்வின் தட்டிகளில் மட்டும் 'நாய்க்கு விடுதலை' அப்படியே நின்றது. "நீயே இதைச் சொல்லி ஓட்டுக் கேட்டா என்ன?" என்று நோலா கேட்டிருக்கிறாள்.

"நான் சொன்னா, இறங்கி வந்துட்டேன்னு சிரிப்பானுங்க. கிளாரிக்கு அந்தப் பிரச்சினை இல்ல," என்றானாம்.

"எனக்கும் அந்த ஆளைப் பிடிச்சிருக்கு. அப்பப்போ சாப்பாட்டு மேஜைக்கும் வரச் சொல்லு."

எங்கள் ஊரில் ஓட்டு தபாலில் போகும். எட்டாவது வாரம், திங்கட்கிழமை, டவுன் ஹாலில் எண்ணினார்கள். தேர்தல் அதிகாரி வெளியூர்க்காரர், விறைப்பான மனிதர். கரின் நோஸ்கே, ஐநூற்றுத் தொண்ணூற்று எட்டு. மெர்வ் டோலண்ட், ஐநூற்று எண்பத்து நாலு. பதினாலு ஓட்டில் தோற்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்து படித்தார்:

"செல்லாத ஓட்டு, நாற்பது. இதுல முப்பத்தி ஒண்ணுல, கட்டத்துக்கு வெளிய கையால ஒரு பேரு எழுதியிருக்கு. கிளாரி. இந்தப் பேருல வேட்பாளர் யாரும் இல்லைன்னு தெரிவிச்சுக்கறேன்."

மெர்வ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். என் பக்கம் திரும்பி, "என் ஓட்டை எவனோ தின்னுட்டான் கோரல்," என்றான். நான் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவன் 'ஊர் வாய்'க்குத் திரும்பி வந்தான். விருந்தாளி கரின். விதி தடுத்த காலம் முடிந்துவிட்டதால் மெர்வ் பழையபடி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"செவ்வாய்க்கிழமை கூட்டத்துல கிளாரி சொன்ன திட்டத்தைக் கொண்டு வரப்போறேன்," என்றாள் கரின். "ஆனா அது என் யோசனை இல்ல. அவரே வந்து பேசினா நல்லாருக்கும். கிளாரி, கேட்டுக்கிட்டு இருந்தா தயவுசெஞ்சு போன் பண்ணுங்க."

எல்லோரும் போனைப் பார்த்தோம். மெர்வும் பார்த்தான். அது அடிக்கவில்லை, எப்படி அடிக்கும்?

ரேடியோவில் மௌனம் என்பது பெரிய குற்றம். ஒன்பது வினாடி ஓடியது. நான் பாட்டுப் பொத்தானில் விரல் வைத்தேன். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நான்தான்," என்றான் மெர்வ்.

"என்ன நீதான்?" டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கிளாரி. நான்தான் கிளாரி. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

போன் அடித்தது. மணல்மேட்டு ரோட்டு ஆல்வின். "அது எங்களுக்குத் தெரியாதா மெர்வ்? இந்த ரோட்டுல நாங்க நாலே வீடு."

அடுத்த போன், தேன் கொடுத்தவள். "முதல் நாளே தெரியும். இருந்தாலும் தேன் நல்ல தேன்தானே?"

"தெரிஞ்சுமா?" என்றான் மெர்வ். "தெரிஞ்சும் அவன் பேரை எழுதினீங்களா? முப்பத்தி ஒரு பேர்! பதினாலு பேர் என் பேருல டிக் பண்ணியிருந்தாலே—"

"பதினாலு போட்டா சமம்தான் மெர்வ். பதினஞ்சு வேணும்," என்றார் டீச்சர்.

"அவன் போய்ப் பாருன்னு சொன்னதைக் கேட்டான்," என்றாள் போனில் இருந்தவள். "நீ கேக்க மாட்டே. அதான் அவனுக்குப் போட்டேன்."

மெர்வ் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடினான். பதினோரு வருஷத்தில் அவன் வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்ததா, இல்லை கண்ணாடியில் அழுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. கரின்தான் மெல்ல அவன் பக்கம் தண்ணீரைத் தள்ளினாள்.

"செவ்வாய்க்கிழமை ஏழு மணி," என்றாள். "எந்தப் பேருல வேணா வாங்க."

வந்தான், சொந்தப் பேரில், இஸ்திரி போட்ட சட்டையில். நாலு நிமிஷம் பேசினான். ஏழுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை கரினும் மெர்வும் கடற்கரையில் கம்பு நட்டார்கள். பழைய மூன்று கூட்டில் ஒன்றை அலை கொண்டுபோயிருந்தது. மற்ற இரண்டிலும் குஞ்சு பொரிந்து ஓடிவிட்டன. புதிதாக இரண்டு கூடு வந்திருந்தது. பிஸ்கட்டைக் காருக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அது ஊருக்கே கேட்கிற மாதிரி ஊளையிட்டது. நான் தேநீர் கொண்டுபோனபோது இரண்டு பேரும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கயிற்றின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது லாரிக்காரன் முடிச்சு. காத்துல அவுந்துடும்," என்றாள் கரின்.

"முப்பது வருஷம் கோதுமையைக் கட்டியிருக்கேன்மா. ஒரு மூட்டை விழுந்ததில்ல."

"கோதுமை கடல்ல நனையாது. இப்படிக் கொடுங்க, மீன்பிடிக்கிறவ முடிச்சைக் காட்டறேன்."

மெர்வ் கயிற்றை அவளிடம் கொடுத்தான். பிறகு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, அவள் எப்படிப் போடுகிறாள் என்று பார்க்க ஆரம்பித்தான்.