அன்னத்தாயின் பஸ் வீடு

புருஷன் பிச்சை சொல்லுகிற ஊர்க் கதைகளில் பாதியைத்தான் அன்னத்தாய் நம்புவாள். செம்பூர் சேட் ஒருவரிடம் அவன் லாரி ஓட்டினான். மாதத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில்தான். தாராவியில் இருந்த ஒற்றை அறைக்கு அவன் வந்து சேரும்போது உடம்பெல்லாம் டீசலும் வாயெல்லாம் கதையுமாக இருக்கும்.

"ஏளா, ஒரு ஊர்ல கண்ணுக்கெட்டுன மட்டும் மிளகா வத்தலக் காயப் போட்டிருக்கான். தரையே தெரியல. தும்மித் தும்மி ஸ்டியரிங்கப் பிடிக்க முடியல பாத்துக்க."

"சரி."

"இன்னொரு எடத்துல மலையக் கொடஞ்சு உள்ள மண்டபம் மண்டபமா வச்சிருக்கான். எல்லாம் ஒத்தக் கல்லு."

"சரி, சரி. கையக் கழுவிட்டு உக்காருங்க."

அவள் பிழைப்பு பொடி இடிப்பது. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, ரசப்பொடி எல்லாம் டின்னில் அடைத்து மாட்டுங்காவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பம்பாய்க்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவள் பார்த்த உலகம் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கவலைப்படுகிற வேலையை அக்கம்பக்கத்தார் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டதால், வேறு விஷயங்களை யோசிக்க அவளுக்கு நேரம் கிடைத்தது.

அறுபத்து நாலாம் வருஷத்துக் கோடையில் ஒரு நாள், மாட்டுங்காவில் நாகலக்ஷ்மி மாமி வீட்டில் ரசப்பொடியை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை விரிந்து கிடந்தது. அதில் ஒரு படம். ஒரு பஸ்ஸை நீளவாக்கில் வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டியிருந்தார்கள்.

"இதென்ன மாமி, பஸ்ஸுக்குள்ள கட்டில் கெடக்கு? அடுப்பு வேற இருக்கு?"

மாமி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "வெள்ளைக்காராள் ஊர்லே அப்படித்தான். எங்கே போனாலும் ஆத்தையும் கூடவே ஓட்டிண்டு போயிடுவா. நன்னா இருக்கோல்லியோ? நீ வேணும்னா எடுத்துக்கோ. இவர் படிச்சு முடிச்சாச்சு."

அடுத்த முறை பிச்சை வந்தபோது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது.

"ஒண்ணு என்னையும் கூட்டிட்டுப் போங்க. இல்ல, இனிமே எங்கிட்ட ஊர்க்கதை சொல்லாதீய."

பிச்சை விழுந்து விழுந்து சிரித்தான். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்றான். ஆனால் கை கழுவப் போனவன் ஈரக் கையோடு திரும்பி வந்து படத்தை இன்னொரு தரம் பார்த்தான். அன்னத்தாய் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, தாராவியில் அவர்கள் சந்துக்குப் பின்னால் இருந்த சதுப்புப் பொட்டலில் ஒரு பஸ் வந்து நின்றது. வந்தது என்று சொல்லக் கூடாது. பிச்சையின் சிநேகிதன் ஒருவன் லாரியில் சங்கிலி கட்டி இழுத்து வந்தான். ஏதோ ஒரு தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கி ஓய்ந்து, குர்லாவில் பங்கார் என்கிற பழைய இரும்புக் கடையில் உடைபடக் காத்திருந்த பஸ். கண்ணாடி பாதி இல்லை. தரைப்பலகையின் ஓட்டை வழியாகப் புல் எட்டிப் பார்த்தது. சந்து முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

"இதுல எங்கன போவப் போறீய, மேலோகத்துக்கா?" என்று கேட்டார் இசக்கிமுத்து. தலையில் கெட்டில் சுமந்து தோல் பட்டறைகளுக்குச் சாயா விற்கிறவர் அவர். அந்தச் சந்திலேயே வாய்த் துடுக்கு அவருக்குத்தான் அதிகம்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி" என்றாள் அன்னத்தாய். உள்ளுக்குள் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

பிச்சை ஊரில் இருக்கிற நாட்களில் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தான். இல்லாத நாட்களில் அன்னத்தாய் உள்ளே வேலை பார்த்தாள். முதல் வேலை சீட்டுகளைக் கழற்றுவது. துருப்பிடித்த போல்ட்டுகள் அசைய மறுத்தன. உளியை வைத்து அவள் சுத்தியலால் அடிக்கிற சத்தம் கிரீக் ஓடை வரை கேட்டது. கழற்றிய சீட்டுகளை இசக்கிமுத்து வந்து தடவிப் பார்த்தார்; உட்கார்ந்து பார்த்தார்; எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார்.

"தங்கச்சி, இதை என்ன செய்யப் போற?"

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எடம் காலியானாப் போதும்."

துறைமுகத்துப் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து தரை போட்டார்கள். எங்கெங்கோ இருந்து வந்த பெட்டிகளின் எழுத்துகள் காலடியில் தலைகீழாகக் கிடந்தன. பின்பக்கம் பலகைக் கட்டில், அதன் அடியில் டிரங்குப் பெட்டிகள். டிரைவருக்குப் பின்னால் ஸ்டவ் மேடை. டப்பா வைக்கும் தட்டுகளுக்கு முன்னால் கம்பி அடிக்கச் சொன்னாள். பிரேக் போட்டால் பொடியெல்லாம் தலையில் கொட்டக் கூடாதே. அம்மியைப் பற்றித்தான் பெரிய சண்டை வந்தது.

"பஸ்ஸுல அம்மியா? எடை தாங்காதுளா."

"அப்போ நீங்க மட்டும் போங்க."

அம்மி ஏறிற்று. பின்சக்கரத்துக்கு நேர் மேலே, நாலு பக்கமும் மரக்கட்டை கொடுத்து ஆடாமல் பதித்தான் பிச்சை.

எல்லாவற்றையும் விடப் பேர் வாங்கியது குழாய். பஸ் கூரையில் ஒரு எண்ணெய் டிரம்மைச் சோடாப் போட்டுக் கழுவி நிறுத்தி, அதிலிருந்து உள்ளே ஒரு பைப் இறக்கி, முனையில் பித்தளைக் குழாய் வைத்தான். விடிந்தால் தெருக்குழாயில் குடத்தோடு மல்லுக்கட்டுகிற பெண்கள், வீட்டுக்குள்ளேயே ஒரு குழாய் என்றதும் வரிசையாக ஏறி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு தரம் திறப்பாள், விரலை நனைப்பாள், மூடுவாள். இசக்கிமுத்துவின் மகள் தங்கமயில் மட்டும் ஏறுகிறபோதெல்லாம் திறந்து பார்த்தாள்.

"ஏ பிள்ள, டிரம்முல தண்ணி ஊத்துறது நானாக்கும்!"

"இன்னும் ஒரே ஒரு தரம் அத்தை."

மழை வந்தது. அவர்கள் இருந்த அறையின் கூரை ஒழுகியது. தார் பூசிய பஸ் ஒழுகவில்லை. அறையைக் காலி செய்துவிட்டுப் பஸ்ஸிலேயே குடியேறினார்கள். ஸ்டவ்வுக்கு மேலே வைத்த தகரக் குழாயில் புகை போவதைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். கள்ளச்சாராயம் காய்ச்சுகிற இடம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அந்தர் க்யா பகாதா ஹை?" உள்ளே என்ன காய்ச்சுகிறாய் என்று கேட்டார்.

அன்னத்தாய்க்குத் தெரிந்த ஹிந்தி கொஞ்சம். "ரசம், சாப். பைட்டோ" என்றாள். அவர் உட்கார்ந்தார். சூடாக ஒரு டம்ளர் குடித்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, சாராயத்தை விட இதுதான் காட்டம் என்று மராத்தியில் சொல்லிவிட்டு, சளி விட்டுப்போன நிம்மதியில் நடந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ரோந்து வந்தால் ரசத்துக்கு நின்றுவிட்டுத்தான் போவார்.

இந்தக் கொண்டாட்டத்தில் யாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பொட்டல் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கு நாலு கம்பு நட்டால் நாளைக்கு அங்கே ஒரு குடிசை. பஸ்ஸுக்கு இடப்பக்கம் ஒரு குடும்பம் வந்தது, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருந்த ஒரே வழியில் இசக்கிமுத்து சாயாக்கடை போட்டார். மற்ற கடைகளில் நின்றுகொண்டு குடிக்க வேண்டும். இவர் கடையில் பஸ் சீட்டு, மெத்தென்று. பட்டறை ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சாய்ந்து கிடந்தார்கள். தலைச்சுமை இறங்கிய சந்தோஷத்தில் இசக்கிமுத்து செங்கல் வைத்துச் சுவரே எழுப்பிவிட்டார்.

ஆவணி பிறந்தது. பிச்சை பஸ் முழுக்கக் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்து, எஞ்சினை முடுக்கினான். இருமி, உறுமி, உயிர் வந்தது. அன்னத்தாய் கை தட்டினாள். பிச்சை கீழே இறங்கி முன்னால் போய் நின்றவன், அப்படியே நின்றான்.

"ஏளா, இங்கன வா."

வந்து பார்த்தாள். பஸ்ஸுக்கு முன்னால் சாயாக்கடைச் சுவர். வேறு எந்தப் பக்கமும் ஒரு கைவண்டி போகக்கூட இடமில்லை.

இசக்கிமுத்துவிடம் கேட்டார்கள். மனுஷருக்கே சங்கடம்தான். "நீ குடுத்த சீட்டுதான் தங்கச்சி, நான் மறக்கல. ஆனா கடைய இடின்னு சொன்னா எப்பிடி? மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அது முடியட்டும், பேசுவோம்" என்றார். தங்கமயிலுக்கு அம்பர்நாத்தில் மாப்பிள்ளை. கல்யாணமும் அங்கேதான். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அன்னத்தாய்க்குத் தெரியும். அன்று அவள் ஸ்டவ் பற்ற வைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பக்கத்துக் குடிசைத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சை சும்மா இருந்த எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியமே பெண் வீட்டார் அம்பர்நாத் போய்ச் சேர வேண்டும். ஆனால் அன்று விடிந்ததிலிருந்து விடாமல் மழை. குர்லா பக்கம் தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது, லோக்கல் டிரெயின் ஓடவில்லை. பேசி வைத்திருந்த லாரிக்காரன் வண்டி எங்கோ பள்ளத்தில் மாட்டிக்கொண்டதாக ஆள் அனுப்பினான். பட்டுப் புடவையும் நகையுமாகத் தங்கமயில் அழுதாள். சீர்ப் பாத்திரங்கள் வாசலில் நனைந்தன. இசக்கிமுத்து சந்துக்கும் ரோட்டுக்குமாக ஓடினார். டாக்ஸிக்காரன் ஒருவனும் அசையவில்லை.

கடைசியில் தன் கடைக்குள் வந்து பஸ் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். எதிரே, சுவருக்கு மேலே, ஈரத்தில் பளபளவென்று பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"வே பிச்சை!" என்று கூப்பிட்டார். "வண்டி ஓடுமாவே?"

"ஓடும் அண்ணாச்சி. வழிதான் இல்ல."

இசக்கிமுத்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாரையை எடுத்து, தான் வைத்த செங்கல்லைத் தானே இடிக்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் கை வைத்தார்கள். அடுத்த சாயா கொதிக்கிற நேரத்துக்குள் கடை இருந்த இடம் தெரியவில்லை. கடைச் சீட்டுகளையே தூக்கி மறுபடி பஸ்ஸுக்குள் போட்டார்கள்.

அன்னத்தாய் வாசலில் நின்று கத்தினாள். "காலத் தொடச்சிட்டு ஏறுங்க! ஏ, அது மல்லிப்பொடி, அதுமேல ஒக்காராதீய! கட்டில்ல சின்னப் பிள்ளைய மட்டும்!" யாரும் கேட்கவில்லை. கட்டிலில் மாப்பிள்ளைக்கான பித்தளை அண்டா ஏறியது. அம்மியில் ஒரு பெரியப்பா உட்கார்ந்துகொண்டார். தங்கமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போய்த் திறந்து முகம் கழுவினாள். இந்தத் தடவை அன்னத்தாய் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் அசைந்தபோது தாராவியே கூவியது. சயானில் தண்ணீர் படிக்கட்டு வரை வந்தது. பிச்சை முதல் கியரிலேயே உருட்டிக் கடந்தான். தானா ஊரைத் தாண்டியதும் மழை விட்டது. யாரோ பாட ஆரம்பித்தார்கள், யாரோ சட்டியைத் தட்டினார்கள். அன்னத்தாய் ஓடுகிற வண்டியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தாள். டப்பா ஒன்றுகூட விழவில்லை. அந்தக் கம்பியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை தாலி கட்டியானது. டிரெயின் ஓடத் தொடங்கி, தாராவியிலிருந்து மிச்ச உறவுகள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் இசக்கிமுத்துவின் மச்சினன் பிச்சையைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, ஒங்க பஸ் நின்ன எடத்துல ரெண்டு குடிசை போட்டுட்டானுவ. நீங்க இந்தாண்ட நகர, அந்தாண்ட கம்பு நட்டுட்டான்."

பிச்சையின் முகம் விழுந்துவிட்டது. அறையையும் விட்டாயிற்று. சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டிருந்த அன்னத்தாயிடம் போய் மெதுவாகச் சொன்னான். அவள் இலையைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"என்னளா சிரிக்க? நிக்க எடமில்லேங்கேன்."

"அதான சொல்லுதேன். நிக்க எடமில்லன்னா பின்ன போவோமே!"

இசக்கிமுத்துதான் கலங்கிப்போனார். "என்னாலதான, என்னாலதான" என்றார். திரும்பி வரும்போது தான் மறுபடி போடப்போகிற கடையை ஒட்டி எப்படியாவது இடம் பிடித்து வைப்பதாகச் சத்தியம் செய்தார். சேட்டிடம் சொல்லிக்கொள்வதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மீந்த லட்டு முழுவதையும் கூடையோடு பஸ்ஸில் ஏற்றினார். சீட்டுகளில் இரண்டை மட்டும் அன்னத்தாய் தனக்கென்று நிறுத்திக்கொண்டாள்.

பன்வேல் வழியாகக் கண்டாலா மலை ஏறினார்கள். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. கூரை டிரம்மில் தண்ணீர் இருந்தது. மேலே போனதும் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஸ்டவ்வைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அன்னத்தாய் அதைக் கையால் பிடித்துப் பார்த்தாள். கை நனைந்தது. அந்தக் கையைப் பிச்சையின் கழுத்தில் வைத்தாள். "ஏய், குளுருது!" என்று அவன் நெளிந்தான்.

புனாவைத் தாண்டி ஒரு புல்வெளியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம்கூட இல்லை. தூரத்தில் ஒரு ஆட்டு மந்தை. சாப்பிட்டு முடித்த பிச்சை கட்டிலைப் பார்த்தான். அன்னத்தாய் டிரைவர் சீட்டைப் பார்த்தாள்.

"ஒதுங்குங்க" என்றாள். "நேத்தேருந்து நீங்க செய்யுததப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"பஸ்ஸுளா இது! அம்மி இல்ல."

"தெரியும். ஒதுங்குங்க."

புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பிச்சை பக்கத்தில் நின்று, இதை மிதி, அதை விடு, மெதுவா, மெதுவா என்று கத்தினான். பஸ் இரண்டு தரம் குதித்து நின்றது. மூன்றாம் தரம் புல்லின் மேல் உருண்டது. அவள் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. முகம் மட்டும் அகலமாக மலர்ந்திருந்தது. ஆட்டுக்காரன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்தையை அவசர அவசரமாக ஓட்டினான்.

"ஏளா, போதும், நிறுத்து! ஆடு இருக்கு!"

"ஆடு ஒதுங்கும்" என்றாள் அன்னத்தாய். கொஞ்ச தூரம் போன பிறகு, கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "எத மிதிச்சா நிக்கும்?"