எடுக்காமல் விட்டது

சகலையின் சைக்கிள் கடை வாசலில் கூட்டம் நின்றது. கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது. விலை கூடிய வண்டிகள் தொங்கிய சுவரில் கொக்கிகள் மட்டும் இருந்தன.

அவர் கண்ணாடித் துண்டுகளை மிதிக்காமல் உள்ளே போனார். அவருடைய மனைவி அவருக்கு முன்பே வந்து, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்காளைக் கட்டியவருடையது பெரிய கடை. தங்கையைக் கட்டியவனுடையது சின்ன கடை. தெரு வைத்த பெயர்கள். பெரிய கடை ஒற்றை அறை. சின்ன கடை மாடி எழுப்பி, கண்ணாடி போட்டு, பலகையில் விளக்கும் வைத்துக்கொண்டது. தெரு பெயரை மாற்றவில்லை. அதைச் சொல்லும்போது சிரிக்க மட்டும் பழகிக்கொண்டது.

"எதெல்லாம் போச்சு?" என்று கேட்டார்.

"நல்லதா பாத்து எடுத்திருக்கான் அண்ணே," என்றான் சகலை. இன்னும் முகம் கழுவியிருக்கவில்லை. "கார்பன் வண்டி ஒண்ணு விடல. சாதா வண்டி ஒண்ணத் தொடல. பிள்ளைங்க சைக்கிள் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. தெரிஞ்ச கை."

குரலில் அழுகை இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக அவருக்குப் பட்டது. நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்தவன் கட்டணத்தைப் பற்றிப் புலம்புவது போல.

"பக்கத்துத் தெருக் கடையிலயும் கை வச்சிருக்கானுங்க," என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "உங்க கடை எப்படி?"

"ஷட்டர் நல்லாத்தான் இருக்கு."

"அதானே. பெரிய கடைக்குள்ள போனா, திருடன் மனசு கேக்காம எதையாவது வச்சிட்டுல்ல வரணும்."

கூட்டம் சிரித்தது. கொழுந்தியாள்கூடக் கண்ணைத் துடைத்தபடி சிரித்துவிட்டாள். "நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க மாமா," என்றாள்.

அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதவர் போல வெளியே வந்தார்.

தையல்காரர் மறந்துவிட்டார். பெரிய கடையின் ஜன்னலில் ஒரு சிவப்பு ரேஸ் சைக்கிள் இருந்தது.

போன வருஷம் சகலை தன் ஜன்னலில், இரண்டு விரலால் தூக்கும் அளவுக்கு லேசான ஒரு கார்பன் வண்டியை வைத்தான். அடுத்த மாதமே இவர் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் இந்தச் சிவப்பு வண்டியை, கார்பன் என்று அவர் சொன்னதை நம்பி, வாங்கினார். வாங்கிய விலையை மனைவியிடம் சொல்லவில்லை. ஜன்னலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேலே ஒரு விளக்கும் மாட்டினார். தூக்கி நிறுத்தும்போது கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. சக்கரத்தின் கனம் என்று சொல்லிக்கொண்டார். கடையில் தொங்கும் தராசு ஒன்று உண்டு. அதில் மாட்டிப் பார்க்கவில்லை.

வண்டி வந்த அன்று சகலை வந்தான். நடுக்குழாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். ஒரு கணம் அப்படியே நின்றான். அவன் முகம் சட்டென்று வாடியது. மெதுவாகக் கீழே வைத்தான்.

"சூப்பர் அண்ணே," என்றான்.

அந்த முகத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். வியாபாரம் மந்தமான நாட்களில் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

தன் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினார். ஜன்னலில் ஸ்டாண்டு மட்டும் நின்றது.

முதலில் வந்தது பயம் இல்லை. உடனே திரும்பி ஓடிப்போய், கூட்டத்தின் நடுவில் நின்று, என் கடையிலும் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார். அப்போதுதான் பார்த்தார்.

சைக்கிள் கடைக்கு நடுவில் இருந்தது. சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் பட, தலைகீழாக. பழுது பார்க்க நிறுத்துவது போல, அழகாக. பின்கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டுத் தொங்கியது.

குனிந்தார். பெடல் அச்சுக்குக் கீழே பெயின்ட் சுரண்டப்பட்டிருந்தது. விரல் நுனி அளவு. கார்பனாக இருந்தால் உள்ளே கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக மின்னியது. நகத்தால் குழாயைத் தட்டினார். அலுமினியப் பாத்திரம் போலச் சத்தம் வந்தது.

சுரண்டிய உளி அவருடையது. நுனியில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. வேலை முடிந்ததும் திருடன் அதை மேஜையில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சுவரில் தொங்கிய டியூப்களுக்கு நடுவில் ஒரு பழைய கேமரா இருந்தது. டியூப்கள் காணாமல் போகின்றன என்று எப்போதோ வைத்தது. அவரைத் தவிர யாருக்கும் அது அங்கே இருப்பது தெரியாது. படத்தை ஓடவிட்டார்.

இரண்டு பேர். தடியாக இருந்தவன் கதவோரம் நின்றான். ஒல்லியானவன் ஜன்னலுக்கு நேராகப் போனான். சிவப்பைப் பார்த்ததும் நடை வேகமானது. அது அவருக்குப் பிடித்திருந்தது. அவன் வண்டியைத் தூக்கினான். நின்றான். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நகத்தால் தட்டினான். கவிழ்த்தான். சுரண்டினான். தடியனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தான். தடியனும் தோள் குலுங்கச் சிரித்தான். கேமராவுக்குக் காது கிடையாது. சத்தமில்லாமல் சிரித்தார்கள். போகும்போது ஒல்லியானவன் சீட்டை இரண்டு தட்டுத் தட்டினான். அழுகிற குழந்தையைத் தட்டுவது போல.

திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பரணில் ஏற்றி, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். அது கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. வேறு எண்ணம் ஏதும் இல்லை.

இறங்கும்போது போலீஸ்காரி வாசலில் நின்றாள். தெருவில் ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள். நெம்பிய தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு காலி ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"இங்கேயுமா? என்ன வண்டி?"

வாயைத் திறந்தால் போதும். எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்பாள்.

"ரேஸ் சைக்கிள். சிவப்பு."

"கார்பனா?"

"கார்பன்."

எழுதிக்கொண்டாள். "கேமரா இருக்கா?"

"பழசு. ஓடல."

"அங்க இருந்த கேமரா எல்லாத்துலயும் பெயின்ட் அடிச்சிட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தன் முகம்கூடக் கிடைக்கல," என்றபடி போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் தையல்காரர் வந்தார். ஊசி குத்திய சட்டையோடு. "காலைல ஏதோ வாய்க் கொழுப்புல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க," என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். அந்த ஸ்டாண்டை அத்தனை பேர் பார்த்ததே இல்லை.

சகலை ஓடி வந்தான். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அந்தச் சிவப்பையா அண்ணே எடுத்தான்?"

"ஏன், எடுக்கக் கூடாதா?"

"அதுக்கில்ல அண்ணே," என்று கையை விட்டான்.

அன்று மாலை மனைவி சாப்பாடு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி கடை இன்சூரன்ஸ் போன மாசமே முடிஞ்சிருச்சாம். மாடி கட்டுற அலைச்சல்ல கவனிக்காம விட்டுட்டாராம். வண்டி கிடைச்சாத்தான் உண்டு. இல்லன்னா கடையைக் குடுத்துட்டு எங்கயாவது வேலைக்குப் போறேங்கிறாரு. அவ அழுதுக்கிட்டே இருக்கா."

"மாடிக்கு ஆசைப்பட்டா அப்படித்தான்."

"என்ன பேச்சு இது?"

"இன்னும் கொஞ்சம் போடு."

போட்டாள். அவரையே பார்த்தாள்.

"உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நம்ம வண்டியும்தானே போயிருக்கு? அதான் கேக்கறேன்."

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். சின்ன கடை போனால் தெருவில் ஒரே சைக்கிள் கடை. அதுவும் பெரிய கடை. இனி எல்லாரும் அந்தப் பெயரைச் சிரிக்காமல் சொல்வார்கள்.

மறுநாள் அவர் ஒரு டியூபை ஊதி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மனைவி கடைக்கு வந்தாள்.

"காலி அட்டைப்பெட்டி இருக்குல்ல? அங்க சாமான் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க."

"மேல ஏறாத. தூசி."

"நான் பாக்காத தூசியா?"

ஏணி கிரீச்சிட்டது. அவருடைய கை தண்ணீருக்குள் இருந்தது. பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுபோனது. அவள் இறங்கி வந்தபோது கையில் பெட்டி இல்லை.

"அது என்னங்க மேல?"

டியூபிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. ஓட்டை கிடைத்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

"அதை எடுக்கல," என்றார்.

"எடுக்கலன்னா?"

"வந்தான். தூக்கிப் பாத்தான். வேண்டாம்னு வச்சிட்டுப் போயிட்டான்."

"வேண்டாம்னு வச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 அவருடைய கண் சுவர்ப் பக்கம் போய் வந்தது. அவள் அங்கே போய், தொங்கிய டியூப்களை விலக்கினாள்.

இருவரும் பார்த்தார்கள். சிரிக்கும் இடம் வந்ததும் அவர் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"முகம் தெரியுது," என்றாள்.

"எப்படிச் சிரிக்கிறான் பாரு."

"நல்லாவே தெரியுதுங்க முகம்."

"இதைக் குடுத்தா எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"நீ சுலபமா சொல்லிடுவ. உன் தங்கச்சி புருஷன் பாப்பான்."

 கோபம் வந்தால் அவள் குரல் தணிந்துவிடும்.

"அவ ஏணி போட்டுக் கொக்கியெல்லாம் கழட்டிக்கிட்டு இருக்கா. நீங்க குடுக்கிறீங்களா, நான் குடுக்கட்டுமா?"

அவள் கொடுத்தால் அவள் சொல்வாள். தங்கை வீட்டில் உட்கார்ந்து, பாவம் அவரு, என்று ஆரம்பிப்பாள். அதைவிட எதுவும் தேவலாம்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

போலீஸ் நிலையத்தில் சிறிய அறை. ஒரு மேஜை, ஒரு திரை. சகலையையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

"கேமரா ஓடலன்னீங்க," என்றாள் போலீஸ்காரி.

"ஓடுச்சு."

"வண்டி போச்சுன்னீங்க."

"போகல."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்க்காமல் படத்தை ஓடவிட்டாள்.

தூக்கினான். தட்டினான். சுரண்டினான். சிரித்தான். கதவோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு போலீஸ்காரருக்குப் புரை ஏறியது. இருமலைப் போலத்தான் இருந்தது. போலீஸ்காரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். டீ குடித்தவர் டம்ளரோடு வெளியே போனார்.

சகலை திரைக்குக் கிட்டே போனான். "இவன் கடைக்கு வந்தவன் மேடம். போன வாரம். ஒவ்வொரு வண்டியா தொட்டுத் தொட்டுப் பாத்தான். ஓட்டிப் பாக்கணும்னு கேட்டு போன் நம்பர் குடுத்தான். அதுல ரெண்டு மூணு தடவை பேசவும் செஞ்சேன்."

"நம்பர் இருக்கா?"

சகலை போனைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

படம் சிரிப்பில் நின்றிருந்தது. இருவரும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"திருட வர்றதுக்கு முன்னாடி என் கடைக்கு அவன் வரவே இல்ல," என்றார் அவர். அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"வருவான்னு நினைச்சேன் அண்ணே. கிளம்பும்போது, வேற எங்க நல்ல வண்டி இருக்கும்னு கேட்டான். உங்க கடையைக் காட்டி விட்டேன். உங்களுக்கு ஒரு வியாபாரம் ஆகட்டுமேன்னு."

"என்னன்னு சொன்ன?"

"ஜன்னல்ல ஒண்ணு நிக்குதுன்னு."

"கார்பன்னு சொன்னியா?"

சகலை மாற்றிப் போட்ட பொத்தானைக் கழற்றினான். சரியாகப் போட்டான்.

"சிவப்புன்னு சொன்னேன் அண்ணே."

இரண்டு விரல். ஒரு கணம் தூக்கிப் பிடித்தது. வாடிய முகம். அவர் அதை மறுபடி எடுத்துப் பார்த்தார். அதே முகம்தான். இத்தனை நாள் அவர் அதில் பார்த்த பொறாமை மட்டும் அங்கே இல்லை.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க."

வெளியே யாரோ இன்னும் இருமிக்கொண்டிருந்தார்கள். திரையில் இருந்தவனைப் பார்த்தார். இவனாவது சிரித்தான்.

போலீஸ்காரி திரும்பி வந்தாள். "நம்பர் உயிரோட இருக்கு. ரிங் போகுது. ஆளைப் பிடிச்சிடலாம்." சகலை எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களாலதான் அண்ணே," என்று அவருடைய கையைப் பிடிக்க வந்தான். அவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் பழைய காகிதத்தை எடுத்து, சிவப்பு ரேஸ் சைக்கிள் என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தாள். பேனாவை நிறுத்திக் கேட்டாள்.

"அப்போ உங்ககிட்டேருந்து எதுவும் போகல. அப்படித்தானே?"

"எதுவும் போகலன்னு எழுதிக்குங்க," என்றார்.