ஊர்ப் பெயர் போட்ட பஸ்

ரஞ்சிதம் ஏரிக்கரைப் பாலத்தடியில் வந்து நின்றபோது இன்னும் சரியாக விடிந்திருக்கவில்லை. தோளில் டிபன் பாக்ஸ் பை, புடவைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலச் சட்டை. சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். செஞ்சியில் போய் இறங்கினால் மாட்ட நேரம் எங்கே இருக்கிறது? இறங்கியதும் ஓட்டம்தான்.

தாங்கல்மேட்டுக்கு பஸ் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷத்துப் புயலில் இந்தச் சிறுபாலம் அடித்துக்கொண்டு போயிற்று. பாலத்தைக் கட்டிவிட்டார்கள், கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள், திறந்துவைத்தவர் பெயரைக் கல்லில்கூட வெட்டியாயிற்று. பஸ்ஸை மட்டும் மறந்துவிட்டார்கள். டிப்போவில் போய்க் கேட்டவர்களிடம், "உங்க ஊருக்கு பஸ் போயினுதானே இருக்குது?" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்களாம். காகிதத்தில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் போக மனுஷனால் ஆகுமா?

ஆகாது என்பதால்தான் வளத்தி ஊர்க்காரன் ஜீவகன் வேன் ஓட்டினான். சமண நயினார் வீட்டுப் பிள்ளை, முப்பது வயசிருக்கும். கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்குப் போகிற வேனைக் காலையும் மாலையும் இந்தப் பக்கத்து ஊர்களுக்கென்று திருப்பிவிட்டான். கரையோரம் நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு செஞ்சியில் இறக்குவான். ஒரே ஒரு குறை. மழைக்காலத்தில் ஏரிக்கரைமேல் தவளைகள் ஏறி உட்கார்ந்துவிடும். ஓர் உயிரும் நசுங்கக் கூடாது என்று ஜீவகன் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒவ்வொன்றாக ஓரம் கட்டிவிட்டுத்தான் நகருவான். "நயினாரே, தவளைங்க எல்லாம் டிக்கெட் வாங்கிச்சா?" என்று கீரைக்கார ராஜாம்பாள் உள்ளேயிருந்து கத்துவாள். வேனே சிரிக்கும்.

ரஞ்சிதம் மட்டும் செல்போனை எடுத்து மணி பார்ப்பாள். செஞ்சி ஆஸ்பத்திரியில் அவள் காண்ட்ராக்ட் துப்புரவு வேலைக்காரி. காலை ஷிப்டுக்கு நேரத்தோடு போய்க் கைரேகை வைக்க வேண்டும். இதுவரை இரண்டு தடவை தாமதம். ஒரு தடவை ரோட்டில் வேனை மடக்கி செக்கிங். இன்னொரு தடவை தவளை. சூப்பர்வைசர் மோனிகா கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டாள், "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா நான் ஒன்னும் பண்ண முடியாதும்மா. டவுன்லயே ஆளு கெடைக்குது." புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். அந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

அன்றைக்கு ஊரே பாலத்தடியில் கூடியிருந்ததற்குக் காரணம் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வரப்போகிற ஆபீசர். கரையோரம் கைகாட்டுகிறவர்களை ஏற்றி இறக்க அந்த வேனுக்கு அனுமதி கிடையாது. மினி பஸ் பர்மிட் வேண்டும். ஜீவகன் மனுப் போட்டிருந்தான். இந்த ரோட்டில் பஸ் ஓடவில்லை என்று ஆபீசர் நேரில் வந்து பார்த்து எழுதினால் பர்மிட் கிடைக்கும்.

"நீங்க ஒன்னும் பேசவே வேணாம்க்கா," என்று ஜீவகன் முந்தின நாளே சொல்லியிருந்தான். "எல்லாரும் வந்து சும்மா நின்னா போதும். பஸ் வராததை அவரே கண்ணால பாக்கட்டும்."

நின்றார்கள். வேனும் ஓரமாக நின்றது. கிழக்கே வெளுத்தது. அப்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது.

வேன் ஹாரன் இல்லை. லாரி ஹாரனும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாய் மூடித் திரும்பினார்கள். ஏரிக்கரையின் அந்தக் கோடியில், புளியமரங்களுக்கு நடுவே, ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த டவுன் பஸ். புதுசு. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் நிறைந்து கிடந்த ஏரித் தண்ணீரில் அதன் நிழலும் கூடவே வந்தது. நெற்றியில் விளக்கு எழுத்து ஓடியது. செஞ்சி - தாங்கல்மேடு.

"அடியே, நம்ம ஊரு பேருடி!" என்றாள் ராஜாம்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊர்ப் பெயரைக் கல்லில் பார்த்திருக்கிறார்கள், ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறார்கள். இப்படி வெளிச்சமாக ஓடி ஒருவரும் பார்த்ததில்லை. ரஞ்சிதத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. இவ்வளவு பெரிய வண்டி, இவ்வளவு தூரம், நம்மைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறதே! யாரோ பெரிய மனுஷர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்புறம் கால் ஓடியது. வீட்டுக்குத்தான் ஓடினாள். தாங்கல்மேட்டில் புதுசாக எது வந்தாலும், மருமகள் ஆனாலும் மாடு ஆனாலும், ஆலம் சுற்றாமல் ஊருக்குள் விடுகிற வழக்கம் இல்லை. தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, சுண்ணாம்பு கலந்து, வெற்றிலைமேல் கற்பூரம் வைத்து மூச்சிரைக்க வந்து நின்றாள். யாரோ எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார்கள். பஸ்ஸின் முன்னால் நின்று மூன்று சுற்றுச் சுற்றினாள். கண்ணாடிக்கு எட்டிக் குங்குமம் வைத்தாள். டிரைவர் நல்ல மனுஷன். இஞ்சினை அணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டித் தனக்கும் ஒரு பொட்டு வாங்கிக்கொண்டார். குலவை எழுந்தது.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்த ஜீப்பிலிருந்து ஆபீசர் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

"எல்லாரும் பஸ்ஸை ஒட்டி நில்லுங்கம்மா. தட்டு வச்சினு இருக்கிற அம்மா, நீங்க நடுவுல வாங்க. சிரிங்க." செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார். சிரித்தார்கள். சிரிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஜீவகன் வேனை விட்டு இறங்கி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், இந்த பஸ் இன்னிக்குத்தான் சார் வந்திருக்குது. ஒரு வருஷமா வரல. ஊர்க்காரங்களைக் கேளுங்க."

"ஊர்க்காரங்க ஆரத்தியே எடுத்துட்டாங்களே தம்பி. இதுக்கு மேல இன்னான்னு கேக்கறது?" ஆபீசர் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது பஸ்ஸா, மாட்டுவண்டியா?"

"பஸ்ஸுதான் சாமி," என்றாள் ராஜாம்பாள். "ஆனா இத்தினி நாளா..."

"இப்ப வந்துடுச்சு இல்ல?"

"வந்துடுச்சு," என்றார்கள் எல்லோரும். கண்ணெதிரே நிற்கிறதை எப்படி இல்லை என்பது?

"தெனமும் வருங்களா சார்?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

"ஷெட்யூல்ல அப்பிடித்தான் இருக்குது." ஜீப் புறப்பட்டுப் போயிற்று.

அப்போதுதான் ரஞ்சிதத்துக்குச் சுருக்கென்றது. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜீவகனிடம் போனாள். "தம்பி, பெரிய தப்பு பண்ணிட்டேனா? எனக்கு ஒன்னும் தோணல. பாத்ததும் கை தானா தட்டைத் தேடிச்சு."

ஜீவகன் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல வண்டிக்கா. இது தெனமும் வந்துச்சுன்னா எனக்கு இங்க இன்னா வேலை? நான் கல்யாணத்துக்கு ஓட்டிக்குவேன்," என்றான். "போய் ஏறுங்க. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. நான் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டேன்."

ரஞ்சிதம் ஏறினாள். ஜன்னலோர சீட்டு. வேனில் இஞ்சின் பெட்டிமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து பழகியவளுக்கு முன்னால் வருகிற ரோடே புதுசாக இருந்தது. மெயின்ரோடு திரும்பியதும் மலைகள் எழுந்தன. ராஜகிரியின் பாறை, அதன்மேல் மதில், மதிலுக்கு மேல் மேகம் உரசிக்கொண்டிருந்த கட்டடம். எத்தனை வருஷமாக அந்த மலையடியில் தரை துடைக்கிறாள்! அண்ணாந்து பார்க்க இன்றைக்குத்தான் வாய்த்தது. "அடேங்கப்பா," என்றாள் வாய்விட்டு. "எப்பிடித்தான் கட்டினானுங்களோ!" பக்கத்தில் கீரைக்கட்டை மடியில் வைத்திருந்த ராஜாம்பாள், "அவனுங்களுக்கும் வேலைக்கு லேட்டா போனா வேலை போயிடும்னு சொல்லியிருப்பாங்க," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மோனிகாவே அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, இவ்ளோ சீக்கிரம்?"

"எங்க ஊருக்கு பஸ் வந்துடுச்சு மேடம்! புது பஸ்ஸு! இனிமே நான் லேட்டாவே வர மாட்டேன், பாருங்க." சின்னப் பெண் பரீட்சையில் பாஸானதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மோனிகாவும் சந்தோஷப்பட்டாள், பொய் சொல்லக்கூடாது.

மறுநாளும் பஸ் வந்தது. அன்று சாயங்காலம் ஜீவகன் போன் செய்தான். மனுவைத் தள்ளிவிட்டார்களாம். இந்தத் தடத்தில் ஏற்கெனவே பஸ் வசதி இருக்கிறது, மக்கள் மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிவிட்டார்களாம். இனிமேல் ரோட்டில் ஆள் ஏற்ற மாட்டேன் என்று அவனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மீறினால் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள்.

"பரவால்லக்கா. பஸ்ஸு வருதில்ல?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"வருது தம்பி," என்றாள் ரஞ்சிதம். அதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பஸ் வரவில்லை.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கிய பிறகும் புளியமரங்களுக்கு நடுவே ஒன்றும் அசையவில்லை. ராஜாம்பாளின் கீரை வாடத் தொடங்கியது. பாலத்தடியில் நின்றவர்களில் ஒருவர் டிப்போவுக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு வந்து சொன்னார், "இன்னிக்கு அமாவாசையாம். மலையனூரு ஸ்பெஷலுக்கு அனுப்பிட்டாங்களாம்."

"நாளைக்கு வருமா?"

"தெரியலன்னு வச்சிட்டான்."

ரஞ்சிதம் ஜீவகனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். இவள் பேச வாயெடுப்பதற்கு முன்பே, "அக்கா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்க்கா," என்றான். அவள் போனை வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கரைமேல் இரண்டு தவளைகள் இருந்தன. தாண்டிப் போனாள்.

மெயின்ரோட்டுக்கு வந்தவள் மலைத்து நின்றுவிட்டாள். மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம். பஸ் பின்னால் பஸ், அதன் பின்னால் பஸ். உலகத்தில் இத்தனை பஸ் இருக்கிறதா? எந்த எந்த ஊரிலிருந்தோ வந்தவை, படியில் ஆள், ஏணியில் ஆள், ஜன்னலெல்லாம் வேப்பிலை, உள்ளே பம்பை உடுக்கைச் சத்தம். மஞ்சள் புடவைக் கூட்டம் "தாயே அங்காளம்மா" என்று ஒரே குரலாகக் கத்திக்கொண்டு போயிற்று. ரோடு அதிர்ந்தது. ரஞ்சிதத்தின் கை தானாகக் குவிந்தது. ஆத்தா, உன் பிள்ளைகளைத்தானே ஏத்தினு போறாங்க, நான் எந்த வாயால கேக்கறது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியது. பக்தியா, அழுகையா, அவளுக்கே தெரியவில்லை.

செஞ்சிப் பக்கம் திரும்பி வருகிற பஸ்களுக்கு ஓடி ஓடிக் கை காட்டினாள். எல்லாம் ஸ்பெஷல். ஒன்றும் நிற்கவில்லை. வேன்கள் ஒன்றிரண்டு வந்தன. முன்னால் போலீஸ் நிற்பதாகச் சொல்லி, அவையும் கைவிரித்துவிட்டுப் போயின. நடந்தாள். பாதித் தூரம் போனபோது எதிரே ரோஸ் கலர் முகத்தோடு ஒரு பஸ் வந்தது. அதே டிரைவர். இவளை அடையாளம் கண்டு, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோய் மரியாதையாகக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். பஸ் மலையனூர்ப் பக்கம் போயிற்று.

ஆஸ்பத்திரிப் படி ஏறியபோது நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வராந்தாவில் புதுசாக ஒரு பெண், மாப்பைப் பிடித்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். ரஞ்சிதத்தின் மாப்பு அது.

"மேடம், பஸ்ஸு வரல மேடம். நடந்தே வர்றேன். காலைப் பாருங்க."

மோனிகா காலைப் பார்க்கவில்லை. அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். "ரஞ்சிதம்மா, காலையில இருந்து மேனேஜர் என்னைத்தான் புடிச்சு வாங்கறாரு. வார்டுல டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாரு, தரை தொடைக்கல. பஸ் வரலையோ இன்னாவோன்னு நானும் சொல்லிப் பாத்தேன். அவரு இதைக் காட்டறாரு, நான் இன்னா பேசறது?"

செல்போனைத் திருப்பிக் காட்டினாள். எல்லா குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருந்த படம். தாங்கல்மேட்டுக்கு பஸ், பொதுமக்கள் உற்சாக வரவேற்பு. நடுவில் ரஞ்சிதம், கையில் தட்டு, கற்பூரம் எரிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே இது? நீதானே அன்னிக்கு வந்து, இனிமே லேட்டே ஆவாதுன்னு சொன்ன?"

"நான்தான் மேடம்," என்றாள் ரஞ்சிதம்.

படத்தை விட்டுக் கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. தன்னை அல்ல, பஸ்ஸைத்தான் பார்த்தாள். எவ்வளவு அழகாக நிற்கிறது! இத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பாழாய்ப்போன மனசை என்ன செய்ய?

"சட்டையைக் குடுத்துட்டுப் போம்மா," என்றாள் மோனிகா, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஸ்டாக்குல வேற இல்ல."

ரஞ்சிதம் பித்தான்களைக் கழற்றினாள். வியர்வையில் ஊறியிருந்த சட்டை கையை விட்டு எளிதில் வரவில்லை. புதுப் பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கூச்சத்தோடு கை நீட்டி வாங்கினாள். உதறிப் பார்த்தாள். காய வைக்க நேரம் இல்லை. அந்த ஈரத்தோடேயே போட்டுக்கொண்டாள்.