வருகைப் புத்தகத்தில் எழுதியது

இடியப்பத் தட்டை அடுப்பிலிருந்து இறக்கும்போதுதான் நோர்வேயிலிருந்து பியற்றிஸ் எடுத்தாள். மத்தியானம் ஒரு மணிக்குப் போன் எடுக்கிற ஆள் இல்லை தங்கச்சி; அந்த நேரம் வேலையில் நிற்பாள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்குச் சாப்பாடு கட்டுகிற அவசரத்தில் பெர்னடெற் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டாள். மறுபக்கத்தில் சுகம் விசாரிப்பு எதுவும் இல்லை. "அக்கா, ஒரு படம் அனுப்பியிருக்கிறன். அதைப் பாத்திட்டுக் கதையுங்கோ."

படத்தில் இருந்தது ஒரு புத்தகத்தின் பக்கம். மேலே ஏதோ வெள்ளைக்கார எழுத்து, கீழே யாரோ பிள்ளை கீறிய பூ, நடுவில் ஐந்து வரி தமிழ். குண்டு குண்டாக, புள்ளியெல்லாம் ஒழுங்காக வைத்த தன் கையெழுத்தைக் கண்டதும் பெர்னடெற் தட்டை அப்படியே விட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

ஜூன் மாதம் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது பார்த்த வேதக் கோயிலின் வருகைப் புத்தகம் அது. மரக் கோயில் என்றதும் பெர்னடெற் ஏதோ கொட்டில் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். அதுவோ தார் பூசிக் கறுத்து, கூரைக்கு மேல் கூரை ஏறி, உச்சியில் டிராகன் தலைகள் வாயைப் பிளக்க நின்றது. வழிகாட்டிப் பெண் சொன்னதையெல்லாம் பியற்றிஸ் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். கட்டி எண்ணூறு வருசமாம். நிற்கிற பைன் மரத்தின் தலையை வெட்டி, பிசின் உள்ளுக்குள் ஊறி இறுகும்வரை வருடக்கணக்கில் விட்டுத்தான் தறிப்பார்களாம். தூண்களை மண்ணில் நடாமல் கல்லுக்கு மேல் கிடத்திய மரத்தில் நிறுத்தியதால் உளுத்துப்போகவில்லையாம். நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருந்தவற்றில் இன்றைக்கு இருபத்தெட்டுத்தான் மிச்சமாம். சுற்றிவர இருந்த ஒடுக்கமான தாழ்வாரத்தில், பிள்ளை பெற்ற பெண்கள், தீட்டுக் கழித்துக் குருவானவர் வந்து உள்ளே கூட்டிப் போகும்வரை காத்து நிற்பார்களாம். அதைக் கேட்டு மற்றப் பெண்கள் முகம் சுளித்தார்கள். என் மகளும் பிள்ளை பெற்று ஒருநாள் இப்படிக் காத்து நின்றாலே போதும் என்று பெர்னடெற் நினைத்தாள்.

கடைசியாகத்தான் சிலுவையில் தொங்கும் அந்தப் பாடுபட்ட சுரூபம். நடு ஆனியில், இருட்டே வராத ஒரு இரவில், அது வேர்க்கும் என்று நம்பி நோயாளிகள் மலை தாண்டி வருவார்களாம். அந்த வேர்வையைத் துணியால் ஒற்றிக்கொண்டு போவார்களாம். அரசன் கத்தோலிக்கத்தை விட்டு வேதம் மாறிய பிறகும், ஆயர்மார் தடுத்த பிறகும், முந்நூறு வருசம் வந்துகொண்டே இருந்தார்களாம். எல்லாம் காற்றின் ஈரம்தான் என்று வழிகாட்டி சிரித்தாள். பெர்னடெற் சிரிக்கவில்லை.

மன்னாரில் பிறந்தவளுக்குச் சுரூபத்தைத் தொட்டு முத்தமிடாமல் கோயிலை விட்டு வெளிக்கிடத் தெரியாது. அங்கே ஒவ்வொரு திருநாளுக்கும் பெயின்ரர் வந்து புதுப் பெயின்ற் அடித்துவிடுவார். எத்தனை ஆயிரம் கை பட்டாலும் ஒன்றும் உரியாது. எல்லாரும் டிராகன் தலைகளைப் படம் எடுக்க வெளியே போனதும் அவள் சுரூபத்துக்கு முன்னால் மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், விலாக் காயத்தைக் கைலேஞ்சியால் அழுத்தித் துடைத்தாள். விரித்துப் பார்த்தால் மைசூர்ப் பருப்பளவில் சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. வேர்வை கேட்டு வந்தவளுக்கு இரத்தமே கிடைத்துவிட்டது என்றே நம்பினாள். லேஞ்சியை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் கிடந்த புத்தகத்தில் எழுதினாள்:

ஆண்டவரே, உமது விலாவைத் துடைத்த துணியைக் கொண்டுபோகிறேன். என் மகளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்த மூன்றாவதைத் தங்க வையும். பிள்ளையோடு வந்து திருப்பித் தருவேன். பெர்னடெற் அருட்பிரகாசம், கோலியர்ஸ் வுட், லண்டன்.

கடவுளுக்கு ஆள் மாறிவிடக் கூடாதே என்றுதான் பெயரையும் ஊரையும் போட்டாள்.

அது இரத்தம் இல்லை, எழுநூற்றைம்பது வருசத்துச் சாயம் என்று பியற்றிஸ் இப்போது போனில் சொன்னாள். வருடாந்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் விலாவில் புதுக் காயத்தைக் கண்டிருக்கிறார்கள். வேணுமென்று செய்த வேலையா என்று பொலிஸ் தேடுகிறது. புத்தகத்தில் விளங்காத பக்கங்களையெல்லாம் மொழிபெயர்க்கக் கொடுத்ததில், தமிழ்ப் பக்கம் அந்த ஊர் நகரசபைக்கு மொழிபெயர்க்கிற பியற்றிஸிடமே வந்து சேர்ந்திருக்கிறது. லண்டன் நேரம் மூன்று மணிக்குள் பதில் போக வேண்டும். ஏலாது என்று திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். சாயத் துண்டு முழுசாகக் கிடைத்தால் திரும்ப ஒட்டலாமாம். நொருங்கினால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

"கோயில் நல்ல வடிவு, நன்றி எண்டு எழுதிவிடன்," என்றாள் பெர்னடெற்.

"இருவத்திரண்டு வருசமாக் கோர்ட்டிலயும் ஆஸ்பத்திரியிலயும் மொழிபெயர்க்கிறன். ஒரு சொல்லு மாத்தினதில்லை. மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை, அக்கா. மாத்தி எழுது எண்டு நீங்கள் சொன்னா எழுதுவன். ஆனா அதை நீங்கள்தான் சொல்லோணும்."

பிறகு எடுக்கிறன் என்று போனை வைத்துவிட்டு, பெர்னடெற் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

ஐம்பத்தேழாம் நம்பர் பஸ் ஆஸ்பத்திரி இருக்கிற ரூட்டிங் பக்கம் ஊர்ந்தது. அவளுக்குப் பொலிஸைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மகள் அஜித்தாவுக்கு இருபத்தாறாம் வாரம். பன்னீர்க்குடம் கசிகிறது என்று வார்ட்டில் படுக்க வைத்துப் பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் லாபம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த லேஞ்சி அவளுடைய தலையணை உறைக்குள் ஊசியால் குத்தியபடி கிடக்கிறது. அதை எடுத்த அன்றைக்கே ஏதாவது நடந்துவிட்டால், அந்தப் பழியைத் தான் எந்தக் கிணற்றில் கொண்டுபோய்க் கொட்டுவது?

ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. அஜித்தாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பார்மசியில் வேலை செய்கிறவள், லேஞ்சியைக் கண்ட அன்றைக்கே இதுதான் உங்கடை அன்ரிபயோற்றிக்கோ என்று நக்கலடித்தவள். விசயத்தைச் சொன்னால், சும்மா விசர்க்கதை கதையாமல் உடனே குடுங்கோ என்று எரிந்து விழுவாள். திட்டை வாங்கிக்கொண்டு லேஞ்சியை எடுத்துப்போகலாம். ஏதாவது நடந்தாலும் அவள் சொல்லித்தானே எடுத்தேன் என்றிருக்கும். இப்படி யோசித்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெறுத்துக்கொண்டே அதைத்தான் யோசித்தாள்.

வார்ட்டில் அஜித்தாவின் வயிற்றில் பட்டி கட்டியிருந்தார்கள். பக்கத்து மெஷினில் பிள்ளையின் இதயம் தபதபவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெர்னடெற் சாப்பாட்டைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்: கயிற்றைத் தாண்டியது, துடைத்தது, எழுதியது, மூன்று மணிக் கெடு. மணிக்கூட்டில் இரண்டு நாற்பது.

"இப்ப எடுத்துத் தா, பிள்ளை. பத்திரமாச் சுத்தி அனுப்பிவிடுவம்."

அஜித்தாவின் கை தலையணை உறைக்குள் போனது. ஊசியைக் கழற்றி லேஞ்சியை வெளியே எடுத்தாள். ஆனால் நீட்டவில்லை. மடித்தபடியே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை பிளட் வந்தது, அம்மா. உங்களுக்குச் சொல்லேல்லை. டொக்டர் வரும்வரைக்கும் இதைத்தான் பிடிச்சுக்கொண்டு கிடந்தன்." குரல் சின்னப்பிள்ளையுடையதுபோல் ஆகியிருந்தது. "நிண்டிட்டுது. எதால நிண்டது எண்டு எனக்குத் தெரியும், ட்ரிப்பில மருந்து ஓடினது. எண்டாலும் ஏலாதம்மா. பிள்ளையோட வந்து தாறன் எண்டுதானே எழுதினனீங்கள். பிறக்கட்டும். சித்தியிட்டைச் சொல்லுங்கோ, வேற என்னவாவது எழுதச் சொல்லி."

பெர்னடெற் திட்டை எதிர்பார்த்து வந்தவள். தன் பயத்தை மகளின் தலையணைக்குள் குத்திவிட்டுப் போனதே தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே ஒருத்தி மொழிபெயர்க்கிற வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் சொல்லப்போகும் பொய்க்குக் காத்திருக்கிறாள். இங்கே ஒருத்தி உரிந்த சாயத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். பெர்னடெற் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே தங்கச்சி எடுத்துவிட்டாள்.

"உள்ளதை உள்ளபடி எழுது. பேரையும் விடாதை."

பியற்றிஸ் அழுகிறாள் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்ப துண்டு? முழுசா இருக்கோ எண்டு கேப்பாங்கள், அக்கா."

பெர்னடெற் கட்டிலைப் பார்த்தாள். லேஞ்சியைச் சுற்றி மகளின் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன. பிரித்து எடுக்கப் போனால் இன்னும் இறுக்குவாள். பெர்னடெற் போனைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு, அந்தக் கைக்கு மேல் தன் கையை வைத்தாள்.

"இறுக்கிப் பிடியாதை, பிள்ளை. நொருங்கிப்போம்."

அஜித்தா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். மெஷின் அதே வேகத்தில் ஓடியது. கைக்குள் இருந்த கை திறக்கவில்லை. ஆனால் கோழிக்குஞ்சைப் பொத்துகிறவளின் கைபோல, விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தன.